கழன்ற சோலும் நனைந்த கயிறும்: மலையேறுவோர் கேள்வி–பதில்

கோடையில் நீலகிரியிலும் பழனி மலையிலும் ஏறி இறங்கியவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்தே பதில் சொல்லியிருக்கிறோம். உச்சியைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு; ஷூ, மழை, முழங்கால் பற்றிக் கேட்டவர்களே அதிகம். நம் மலைகளுக்கு அதுதான் சரியான வரிசையும்கூட.

நல்ல கம்பெனி ஷூ. ஆறு வருஷம் முன்பு வாங்கி, அதிகம் போடாமல் பெட்டியிலேயே பத்திரமாக வைத்திருந்தேன். அவலாஞ்சியிலிருந்து கோலாரிபெட்டா போகும் வழியில் வலது ஷூவின் சோல் வாயைப் பிளந்தது. கொஞ்ச நேரத்தில் இடதும். போடாத ஷூ எப்படிக் கெடும்?
– வாசகர், குன்னூர்

பெட்டியில் வைத்ததுதான் வினை. தரையைத் தொடும் ரப்பருக்கும் மேல் தோலுக்கும் நடுவில் மெத்தென்று ஓர் அடுக்கு இருக்கிறதே, கனமான டிரெக்கிங் ஷூக்கள் பலவற்றில் அது பாலியூரித்தேன். காற்றிலுள்ள ஈரம் அந்தப் பொருளின் மூலக்கூறுகளை மெல்ல மெல்ல அறுக்கும். தேய்மானத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஐந்தாறு வருஷத்தில் வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே ரஸ்க் மாதிரி உதிரும். குன்னூர், ஊட்டி, கொடைக்கானல் போன்ற ஈரமான ஊர்களில், அதுவும் காற்றோட்டம் இல்லாத பெட்டியில், இன்னும் சீக்கிரம் நடக்கும். இரண்டு ஷூவும் ஒரே வயது, ஒரே ஈரம். அதனால் ஒன்று போனால் மற்றதும் பின்னாலேயே போகும்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே சோதித்துவிட வேண்டும். அந்த நடு அடுக்கைக் கட்டைவிரலால் பல இடங்களில் அழுத்திப் பாருங்கள். நகம் சுலபமாகப் பதிந்தாலோ, முன்பாதியை மடக்கும்போது மயிரிழை விரிசல் தெரிந்தாலோ, தொட்டால் பொடி ஒட்டினாலோ அந்த ஷூ மலைக்கு வேண்டாம். சந்தேகம் தீரவில்லையென்றால் எட்டு கிலோ பேக்கை மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் படிக்கட்டில் ஏறி இறங்குங்கள். போவதானால் வீட்டு வாசலிலேயே போகட்டும்.

வழியில் கழன்றுவிட்டால்? 3 மி.மீ. தடிமனில் நாலைந்து மீட்டர் நைலான் கயிறு பேக்கில் எப்போதும் இருக்க வேண்டும். டக்ட் டேப் மட்டும் சுற்றினால் பாறையில் உரசி ஒன்றிரண்டு கிலோமீட்டரில் அறுந்துவிடும். கயிற்றை சோலின் பள்ளங்களுக்குள் பதியுமாறு குறுக்கே கொண்டுவந்து, ஒரு சுற்று விரல்களுக்குப் பின்னால், ஒரு சுற்று பாதத்தின் குழிவில் போட்டு, குதிகாலைச் சுற்றி முன்னால் கொண்டுவந்து லேஸுடன் முடியுங்கள். முடிச்சு பாதத்தின் மேல்பக்கம் வரட்டும். அடியில் வந்தால் ஒவ்வொரு அடியிலும் குத்தும். டேப் இருந்தால் கயிற்றுக்கு மேல் சுற்றலாம், ஆனால் ஷூவைத் துடைத்து உலர்த்திய பிறகுதான் அது ஒட்டும். இன்னும் கழலாத ஷூவுக்கும் அப்போதே கட்டிவிடுங்கள்.

வீடு திரும்பியதும் செருப்பு தைப்பவரிடம் ஓடுவதற்கு முன் பிளவைப் பாருங்கள். நடு அடுக்கு உறுதியாக இருந்து ரப்பர் மட்டும் சுத்தமாகப் பிரிந்திருந்தால் பசைதான் தோற்றிருக்கிறது. இரண்டு பக்கத்தையும் உப்புத்தாளால் தேய்த்து, கான்டாக்ட் பசையை இரண்டு பக்கமும் பூசி, பத்துப் பதினைந்து நிமிடம் காயவிட்டு, அழுத்திச் சேர்த்து, ஒரு நாள் முழுக்கக் கட்டி வைத்தால் இன்னும் ஓடும். நடு அடுக்கே உதிர்ந்திருந்தால் எந்தப் பசையும் பயனில்லை. பொடியின் மேல் பசை ஒட்டாது. இனி வாங்கும்போது நடு அடுக்கு ஈ.வி.ஏ.வா (நுரை போன்ற இன்னொரு பிளாஸ்டிக்) என்று கேளுங்கள். அது நாளடைவில் அமுங்கித் தட்டையாகுமே தவிர இப்படி உதிராது. எந்த ஷூவானாலும் நனைந்தால் உள்ளே செய்தித்தாளைத் திணித்து, சில மணிக்கு ஒருமுறை மாற்றுங்கள். அடுப்பங்கரையிலும் ஹீட்டர் முன்னாலும் வைத்தால் தோல் வெடிக்கும், பசை இளகும்.

வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி வழியாகக் கும்பக்கரைக்கு இறங்கினோம். இறக்கம்தானே என்று நினைத்தோம். கால் கட்டைவிரல் நகங்கள் கறுத்துவிட்டன, மூன்றாம் நாள் மாடிப்படி இறங்க முடியவில்லை. எங்கே தவறு?
– வாசகி, திண்டுக்கல்

கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம். கும்பக்கரை 400 மீட்டர் அளவில் இருக்கிறது. 1,700 மீட்டரை ஒரே நாளில் இறங்கியிருக்கிறீர்கள். ஏறும்போது மூச்சு வாங்கி நம்மை நிறுத்திவிடும். இறங்கும்போது மூச்சு வாங்காது, அதனால் தசை சேதமாவது தெரியாது. தொடையின் முன்தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. அப்படி வேலை செய்யும் தசையில்தான் நுண்ணிய கிழிசல்கள் அதிகம். வலி அன்று இராது, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்கு வந்து ஒரு வாரத்துக்குள் போகும். ஒரு முழங்காலில் மட்டும் வீக்கமோ, மடக்கும்போது பூட்டிக்கொள்வதோ இருந்தால் அது வேறு கதை, மருத்துவரிடம் காட்டுங்கள்.

இதற்குப் பயிற்சி ஓடுவதல்ல. மாடிப்படியில் ஒரு காலில் நின்று, மற்றக் காலை மூன்று நொடி எடுத்து மெதுவாகக் கீழ்ப்படியில் தொடுங்கள். காலுக்குப் பன்னிரண்டு முறை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள், ஆறு வாரம். நாலாவது வாரத்திலிருந்து பேக்கில் ஐந்து கிலோ போட்டுக்கொள்ளலாம். இரண்டு ஊன்றுகோல் எடுத்துச் செல்லுங்கள். சமதளத்தில் முழங்கை செங்கோணமாக இருக்கும் நீளத்தைவிட 5 முதல் 10 செ.மீ. கூட்டினால்தான் இறக்கத்தில் அது உதவும்.

நகம் கறுப்பது ஷூவுக்குள் பாதம் முன்னால் வழுக்குவதால். நகத்தை இரண்டு நாள் முன்பே நேராக வெட்டிவிடுங்கள். இறக்கம் தொடங்கும் இடத்தில் உட்கார்ந்து லேஸை மறுபடி கட்டுங்கள்: ஒவ்வொரு பக்கத்து லேஸையும் அதே பக்கத்துக் கடைசிக் கண்ணிக்குள் விட்டு ஒரு சிறு வளையம் செய்து, எதிர்ப்பக்க லேஸை அந்த வளையத்துக்குள் நுழைத்து இழுத்து முடிந்தால் குதிகால் பின்னால் உட்கார்ந்துவிடும். ஷூவை மாலையில் போய், டிரெக்கிங் காலுறை போட்டுக்கொண்டு வாங்குங்கள். காலையில் பொருந்திய ஷூ மாலையில் கடிக்கும்.

இன்னொன்று, வெயில். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி என்ற கணக்கில் கும்பக்கரை உங்கள் புறப்பாட்டு இடத்தைவிடப் பதினோரு டிகிரி அதிகச் சூடு. வட்டக்கானலின் குளிரில் இரண்டு லிட்டர் போதும் என்று தோன்றும். மே மாதத்தில் ஆளுக்கு நாலு லிட்டர் இல்லாமல் இறங்க வேண்டாம். வெள்ளகவி ஊருக்குள் காலணி போட்டு நடப்பதில்லை. கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கறுத்த நகத்துக்கும் அந்தக் கொஞ்ச தூரம் ஆறுதல்தான்.

மார்ச்சில் போகக் கேட்டால் வனத்துறை மூடிவிட்டது என்கிறார்கள். வழி தெரிந்த ஒருவர் இரவோடு இரவாகக் கூட்டிப் போகிறேன் என்கிறார். போகலாமா?
– வாசகர், மதுரை

கூடாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காய்ந்த போதைப்புல் (எலுமிச்சை வாசனைப் புல்) சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு எந்த மனிதக் காலும் ஈடுகொடுக்காது. அதனால்தான் தீப்பருவத்தில், சாதாரணமாக ஏப்ரல் நடு வரை, பாதைகள் மூடப்படுகின்றன. 2024 அக்டோபரிலிருந்து ‘டிரெக் தமிழ்நாடு’ இணையதளத்தில் வனத்துறையே முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு அனுப்புகிறது. நீலகிரி, கொடைக்கானல் பாதைகள் பல அதில் உண்டு. முக்குருத்தி 1990 முதல் தேசியப் பூங்கா, கொடைக்கானல் காடுகள் 2013 முதல் சரணாலயம். அனுமதியின்றி நுழைவது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். வெளியூர் வண்டியில் வந்தால் இ-பாஸ் தனி. அரசுப் பேருந்தில் வந்தால் அந்தத் தொல்லையும் இல்லை.

ஹார்டுவேர் கடையில் 12 மி.மீ. நைலான் கயிறு மலிவாகக் கிடைக்கிறது. ஒரு டன் தாங்கும் என்கிறார் கடைக்காரர். பாறை ஏறப் போதாதா?
– கல்லூரி மாணவர், கோவை

ஒரு டன்னைத் தொங்கவிட்டால் தாங்கலாம். நீங்கள் தொங்கப் போவதில்லை, விழப் போகிறீர்கள். கயிற்றைக் கட்டியிருக்கும் நங்கூரத்துக்கு மேலே இரண்டு மீட்டர் ஏறிய இடத்தில் கை நழுவினால் நாலு மீட்டர் விழுவீர்கள். வெளியே விட்டிருக்கும் கயிறும் இரண்டு மீட்டர்தான் என்றால், விழுந்த தூரத்தைக் கயிற்றின் நீளத்தால் வகுக்க இரண்டு வரும்; அதைவிடக் கடுமையான வீழ்ச்சி சாதாரணமாக இல்லை. அந்த வேகத்தைக் கயிறு நீண்டுகொடுத்து உள்வாங்க வேண்டும். நீளாத கயிறு அறுகாமல் இருந்தாலும் உங்கள் இடுப்பும் நங்கூரமும் அந்த அதிர்ச்சியை வாங்கும். ஏறுவோருக்கான டைனமிக் (நீண்டுகொடுக்கும்) கயிற்றை ஈ.என். 892 என்ற ஐரோப்பியத் தரப்படி சோதிக்கிறார்கள்: 80 கிலோ எடையை இதே போன்ற கடுமையில் விழவிட்டு, ஒற்றைக் கயிறு குறைந்தது ஐந்து முறை தாங்க வேண்டும், முதல் வீழ்ச்சியின் அதிர்ச்சி 12 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது. கடைக் கயிற்றுக்கு இப்படி ஒரு சோதனையே கிடையாது. அது பந்தல் கட்ட நல்ல கயிறு.

ராப்பெல் செய்து (கயிற்றைப் பிடித்துப் பாறையில் சறுக்கி) இறங்க மட்டுமென்றால் ஈ.என். 1891 ஏ வகை, 10 அல்லது 11 மி.மீ., நீளாத கயிறு சரி. அதைக் கட்டிக்கொண்டு முன்னால் ஏறக் கூடாது. 60 மீட்டர் கயிற்றை இரட்டையாகப் போட்டால் 30 மீட்டர். நங்கூரத்துக்கும் முடிச்சுக்கும் போனது போக 30 மீட்டர் பாறைக்கு அது எட்டாது. கயிற்றின் இரு முனையிலும் முடிச்சுப் போடாமல் இறங்குகிறவர்கள் முனை வழியாக வெளியேறி விழுவது இந்த விளையாட்டின் பழைய விபத்து, அனுபவசாலிகளுக்கும் நேர்கிறது. இரண்டு முடிச்சுக்கு இரண்டு நிமிடம் ஆகாது.

நங்கூரத்துக்கு மரம் தேடும்போது சீகையையும் (வாட்டில் மரம்) யூகலிப்டஸையும் நம்ப வேண்டாம். சீகைக்கு வேர் ஆழமில்லை. மழைக்காலத்தில் சாலையோரம் சாய்ந்து கிடப்பவற்றைப் பார்த்தாலே தெரியும். இரண்டு தனித்தனி நங்கூரங்கள், எடை இரண்டிலும் பகிர்ந்து விழுமாறு. நம் மலைகளின் சார்னோகைட் பாறை காய்ந்திருக்கும்போது அருமையான பிடி கொடுக்கும். பாசி படர்ந்த பக்கம் ஒரு தூறல் விழுந்தாலே ஷூ நிற்காது.

கயிறு நனைந்தால் பலமும் குறையும், நீளும் தன்மையும் மாறும். நனைந்த அன்று பாறை ஏறும் கயிறாக அதைப் பயன்படுத்தாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, வெயில் படாமல் கொடியில் தளர்வாகப் போட்டு உலர்த்துங்கள். ஊட்டியில் இரண்டு மூன்று நாள் ஆகும், பொறுமை வேண்டும். வண்டி டிக்கியில் பேட்டரி இருக்கும் பக்கம் கயிற்றை வைக்காதீர்கள். அமிலத்தின் ஆவி பட்டால்கூட நைலான் கண்ணுக்குத் தெரியாமல் வீணாகும். மாதம் ஒருமுறை முழு நீளத்தையும் விரலால் உருவிப் பாருங்கள். கயிற்றை வளைக்கும்போது வட்டமாக வளையாமல் ஓரிடத்தில் தட்டையாக ஒடிந்தால் உள்ளே நார் போய்விட்டது. பயன்படுத்தாவிட்டாலும் பத்து வருஷத்துக்கு மேல் எந்தக் கயிறும் வேண்டாம்.

கோத்தகிரிப் பக்கம் ரங்கசாமி தூணில் ஏற முடியுமா?
– வாசகர், மேட்டுப்பாளையம்

நாலு பக்கமும் செங்குத்தாக, 400 அடி அளவுக்குத் தனித்து நிற்கும் பாறை. இருளர்களுக்குப் புனிதமான இடம். பார்த்துக் கும்பிட்டு வாருங்கள்.

பாறையில் மலைத்தேன் கூடு இருந்தால் எவ்வளவு தள்ளிப் போக வேண்டும்? கொட்டினால் என்ன செய்வது?
– வாசகி, கோத்தகிரி

தள்ளிப் போக இத்தனை மீட்டர் என்று ஒரு பாதுகாப்பான எண் கிடையாது. பாறையில் கூடு கட்டும் மலைத்தேனீ கோபக்காரி. துரத்தினால் நூற்றுக்கணக்கான மீட்டர் வரும். கூட்டுக்கு நேர் மேலே, நேர் கீழே, காற்று கூட்டை நோக்கி வீசும் பக்கம் ஆகிய மூன்றும் ஆகாது. தேன் எடுக்கும் பருவமான சித்திரை முதல் ஆனி வரை, ஏற நினைக்கும் பாறையை முதல் நாளே பைனாகுலரில் பாருங்கள். பாறை விளிம்புக்கு அடியில் அரைவட்டமாகக் கறுத்துத் தொங்கினால் அந்தப் பக்கம் கயிறு போடாதீர்கள். கயிற்றில் பாதியில் தொங்கும் ஆளால் ஓட முடியாது. சென்ட், வாசனை எண்ணெய், புகை மூன்றையும் வீட்டோடு விட்டுவிடுங்கள்.

ஒன்று கொட்டினாலே நகர்ந்துவிட வேண்டும். கொட்டிய இடத்தில் வெளிப்படும் வாசனைதான் மற்றவற்றை அழைக்கிறது. கையை வீசி அடிக்காமல் முகத்தையும் கழுத்தையும் துணியால் மூடிக்கொண்டு, புதருக்குள்ளோ சோலைக்குள்ளோ ஓடுங்கள். தண்ணீரில் மூழ்கினால் மேலேயே காத்திருக்கும். தப்பித்த பிறகு கொடுக்குகளை உடனே எடுங்கள். சுரண்டுவதா பிடுங்குவதா என்பது முக்கியமில்லை, வேகம்தான் முக்கியம். விஷப்பை தனியாகத் துடித்துக்கொண்டு இன்னும் செலுத்தும். உதடு வீங்குவது, குரல் கம்முவது, மூச்சு இழைப்பது, தலைசுற்றி விழுவது இவற்றில் ஒன்று வந்தாலும் 108. அந்த நிலைக்கு மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. சிட்ரிசின் மாத்திரை அரிப்புக்கு மட்டும்தான். ஒவ்வாமை இல்லாதவருக்கும் பல பத்துக் கொட்டுகள் பட்டால் சிறுநீரகம் பாதிக்கலாம். நன்றாக இருக்கிறேன் என்று வீட்டுக்குப் போகாமல் மருத்துவமனையில் ஒரு நாள் இருங்கள்.

பெருமாள் மலையில் பகல் ஒன்றரை மணிக்கு இடி பிடித்துக்கொண்டது. பாறை இடுக்கில் ஒதுங்கினோம். சரியா?
– வாசகர், பழனி

ஒதுங்கியது சரியில்லை, அந்த நேரத்தில் மேலே இருந்தது அதைவிடச் சரியில்லை. கோடை மழை மேகம் காலைச் சூட்டில் கட்டி, மதியத்துக்கு மேல் உடையும். ஆறு மணிக்குக் கிளம்பிப் பதினொன்றுக்குள் உச்சியை விட்டுவிட்டால் பெரும்பாலும் தப்பலாம். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுங்கள், மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது நொடிக்குக் கீழே வந்தால் முகட்டை விட்டு இறங்கத் தொடங்குங்கள். கடைசி இடிக்குப் பிறகும் அரை மணி நேரம் மேலே ஏற வேண்டாம். ஆழமில்லாத குகை, பாறை இடுக்கு, தனி மரம் எல்லாம் ஆபத்து. மின்சாரம் பாறை மேல் ஓடும்போது வாய் திறந்த இடுக்கை உங்கள் உடல் வழியாகத் தாண்டும். ஒரே அளவு உயரமுள்ள மரங்கள் அடர்ந்த தாழ்வான இடம் மேல். ஆளுக்கு ஆள் பதினைந்து இருபது மீட்டர் இடைவெளி விடுங்கள். ஒருவருக்கு அடிபட்டால் மற்றவர் உதவ முடியும். அடிபட்டவர் உடலில் மின்சாரம் தங்காது. உடனே தொட்டு, மூச்சும் நாடியும் இல்லையென்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள்.

ஜூன் தொடக்கத்தில் ஊட்டிக்கு மேற்கே புல்வெளியில் மழையும் காற்றும். ஜீன்ஸ் போட்டிருந்த நண்பர் முதலில் நடுங்கினார், பிறகு நடுக்கம் நின்று உளறத் தொடங்கினார். பசி மயக்கம் என்றார்கள். அதுதானா?
– வாசகர், ஈரோடு

இல்லை, உடல் வெப்பம் இறங்கிவிட்டது. இதற்குப் பனிமலை தேவையில்லை. பத்து டிகிரி, காற்று, நனைந்த பருத்தித் துணி மூன்றும் சேர்ந்தால் போதும். நடுக்கம் நிற்பது குணமாவதன் அடையாளமல்ல, உடல் தோற்பதன் அடையாளம். காற்று படாத இடத்துக்குக் கொண்டுபோய், ஈரத்துணியைக் கழற்றி, காய்ந்ததைப் போர்த்தி, அடியில் பேக்கோ புல்லோ பரப்பிப் படுக்க வையுங்கள். குளிர் தரையிலிருந்துதான் அதிகம் ஏறும். மேலே பிளாஸ்டிக் விரிப்பால் சுற்றுங்கள். விழுங்க முடிந்தால் சர்க்கரை அதிகம் போட்ட சூடான பானம் தரலாம். கைகாலைத் தேய்ப்பது, எழுப்பி நடக்கவைப்பது, ‘சூடு வரும்’ என்று பிராந்தி ஊற்றுவது மூன்றும் கெடுதல். நடுக்கம் நின்றவரை அலுங்காமல் தூக்கி மருத்துவமனைக்கு.

ரெயின்கோட் பற்றி நாலைந்து பேர் கேட்டிருந்தார்கள், இங்கேயே சொல்லிவிடுகிறோம். உட்பக்கம் செதில் செதிலாக உரிந்தால் அதன் ஆயுள் முடிந்தது. வெளிப்பக்கம் தண்ணீர் முத்துமுத்தாக உருளாமல் ஊறினால், மேற்பூச்சு அழுக்கேறியிருக்கிறது. சோப்புத்தூள் இல்லாமல் துவைத்து, மேலே துணி போட்டு மிதமான சூட்டில் இஸ்திரி போட்டால் கொஞ்சம் திரும்பி வரும். மாற்றுத் துணி ஒரு செட் தடித்த பிளாஸ்டிக் பையில் கட்டி, பேக்கின் அடியில் எப்போதும் இருக்கட்டும். பேக்குக்கு மேலே போடும் கவர் காற்றில் பறக்கும், முதுகுப்பக்கம் வழியும் தண்ணீரையும் தடுக்காது.

உத்தரகாசி பயிற்சி நிலையத்தில் அடிப்படை மலையேற்றப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஊட்டியிலேயே வளர்ந்தவள், உயரம் எனக்குப் பிரச்சினை ஆகாதுதானே? என்னென்ன வாங்க வேண்டும்?
– வாசகி, உதகமண்டலம்

2,240 மீட்டரில் வாழ்வது கொஞ்சம் உதவும், ஆனால் ரயிலில் டெல்லி போய் சமவெளியில் ஒரு வாரம் இருந்தாலே அந்த அனுகூலம் கரையத் தொடங்கும். 3,000 மீட்டருக்கு மேல் எல்லாருக்கும் ஒரே விதி: தூங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் தங்க வேண்டும். தலைவலியோடு குமட்டலும் சேர்ந்தால் பயிற்றுநரிடம் சொல்லுங்கள். மறைத்துக்கொண்டு ஏறுபவர்கள்தான் கீழே தூக்கி வரப்படுகிறார்கள்.

ஐஸ் கோடரி, கிராம்பான் (ஷூவுக்கு அடியில் மாட்டும் இரும்பு முட்கள்), பனி ஷூ, ரக்சாக் எல்லாம் நிலையமே தரும், காசைக் கொட்டாதீர்கள். பழகிய டிரெக்கிங் ஷூ, கம்பளிக் காலுறை நாலு ஜோடி, ஹெட்லாம்ப், புற ஊதா தடுக்கும் கண்ணாடி, இரண்டு செட் தெர்மல், இவை உங்களுடையதாக இருக்கட்டும். ஷூ புதிதென்றால் இப்போதே போட்டு நடக்கத் தொடங்குங்கள். தொட்டபெட்டா சாலையில் 15 கிலோ பேக்குடன் வாரம் மூன்று நாள், எட்டு வாரம் போதும். முதல் வாரம் எட்டுக் கிலோவில் ஆரம்பியுங்கள்.

அட்டைக்கு உப்பா, சுண்ணாம்பா, புகையிலையா?
– வாசகர், கூடலூர்

ஒட்டிய பிறகு மூன்றும் வேண்டாம். அட்டை குடித்ததைக் காயத்துக்குள் கக்கிவிட்டு விழும். நகத்தை அதன் மெல்லிய முனைக்கு அடியில் விட்டு வழித்துத் தள்ளுங்கள். ரத்தம் வெகு நேரம் கசியும், பயப்பட ஒன்றுமில்லை. சோப்புப் போட்டுக் கழுவி அழுத்திக் கட்டுங்கள். வராமல் தடுக்க, முழங்கால் வரை வரும் நெருக்கமான பருத்தியில் தைத்த அட்டைக் காலுறை. புகையிலைத் தண்ணீரை அதன் மேல் தெளிக்கலாம், தோலில் வேண்டாம்.